மாறாதது எது என்று முதலில் பாருங்கள்: வேகம், நேரம், தூரக் கணக்குகளுக்கு முழுமையான வழிகாட்டி

வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். இந்தச் சூத்திரம் தெரியாததால் கணக்கைத் தவறவிடுபவர்கள் மிகக் குறைவு. தெரிந்தவர்களும் தடுமாறுவதற்குக் காரணம் வேறு. கேள்வியில் இரண்டு வண்டிகள் வந்துவிட்டாலோ, ஒரே வண்டி இரண்டு வேகங்களில் போய்விட்டாலோ, எந்த எண்ணை எதோடு பெருக்குவது என்று குழம்பிவிடுகிறது. சூத்திரம் ஒரே ஒரு பயணத்துக்கு உரியது. தேர்வில் வரும் கேள்வியோ பெரும்பாலும் இரண்டு பயணங்களைப் பற்றிப் பேசும்.

அந்த இரண்டு பயணங்களையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு கேள்விக்குள்ளேயே இருக்கும். போன வழியிலேயே திரும்பி வந்தால் தூரம் பொது. ஒரே சமயத்தில் கிளம்பி எதிரெதிரே வந்து சந்தித்தால் நேரம் பொது. ஒரே ரயில் ஒரு கம்பத்தையும் ஒரு நடைமேடையையும் கடந்தால் வேகம் பொது. பேனாவை எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: மூன்றில் மாறாமல் இருப்பது எது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் சமன்பாடு தானாக வந்து உட்காரும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகப் போகிறோம்.

அலகுகள்: இங்கேதான் பாதி மதிப்பெண் போகிறது

மணிக்கு இத்தனை கி.மீ. என்று கொடுத்துவிட்டு, நேரத்தை நொடியிலும் நீளத்தை மீட்டரிலும் கேட்பார்கள். 1 கி.மீ. என்பது 1000 மீட்டர், 1 மணி என்பது 3600 நொடி. 1000/3600 என்பதைச் சுருக்கினால் 5/18. எனவே மணிக்கு 18 கி.மீ. என்றால் நொடிக்கு 5 மீட்டர். 5/18-ஆல் பெருக்குவதா 18/5-ஆல் பெருக்குவதா என்று சந்தேகம் வந்தால் இந்த ஒரு ஜோடியை நினைத்தால் போதும்: 18-க்கு 5. அதன் மடங்குகள் அடிக்கடி வரும். 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20, 90-க்கு 25, 108-க்கு 30. நொடிக்கு மீட்டர் என்று மாற்றினால் எண் எப்போதும் சிறியதாக வர வேண்டும். பெரியதாக வந்தால் தலைகீழாகப் பெருக்கியிருக்கிறீர்கள்.

நேரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 2 மணி 15 நிமிடம் என்பதை 2.15 என்று எழுதிவிடுகிறார்கள். 15 நிமிடம் கால் மணி, ஆகவே அது 2.25 மணி. தசமத்தைவிடப் பின்னமாக எழுதுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. 20 நிமிடம் 1/3 மணி, 40 நிமிடம் 2/3 மணி, 1 மணி 40 நிமிடம் 5/3 மணி. 0.33, 0.67 என்று எழுதினால் கடைசியில் விடை 59.7 என்று வந்து நிற்கும், அது 60-தானா என்று திகைக்க வேண்டியிருக்கும்.

அலகுகளை மாற்றும் வேலையைக் கணக்கின் நடுவில் செய்யாதீர்கள். கேள்வியைப் படித்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் தொடங்குங்கள்.

ஒரு கேள்வியை மெதுவாகப் படித்துப் பார்ப்போம்

"இரண்டு ஊர்களுக்கு இடையே 340 கி.மீ. தூரம். முதல் ஊரிலிருந்து காலை 7 மணிக்கு ஒரு வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. இரண்டாம் ஊரிலிருந்து காலை 9 மணிக்கு இன்னொரு வண்டி மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் எதிரே வருகிறது. இரண்டும் எத்தனை மணிக்குச் சந்திக்கும்?"

முதல் வாசிப்பில் எண்களைத் தொட வேண்டாம். யார் யார் ஓடுகிறார்கள், எந்தத் திசையில், கடைசியில் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இங்கே கேட்டிருப்பது கடிகார மணி. எத்தனை மணி நேரம் ஆகும் என்பதோடு நின்றுவிட்டால் விடை முடியாது.

இரண்டாம் வாசிப்பில் ஒரு கோடு வரையுங்கள். இரண்டு முனைகளிலும் ஊர்கள், ஒவ்வொரு முனையிலிருந்தும் ஓர் அம்பு, அம்புக்கு மேலே வேகம், முனைக்குக் கீழே கிளம்பிய நேரம். பத்து நொடி வேலை இது. படம் போடாமல் மனத்திலேயே போட்டுப் பார்ப்பவர்கள் திசையைத்தான் முதலில் தவறவிடுவார்கள்.

இப்போது நம் கேள்வி: மாறாதது எது? ஒரே சமயத்தில் கிளம்பியிருந்தால் நேரம் பொதுவாக இருந்திருக்கும். இங்கே 2 மணி நேர இடைவெளி இருக்கிறது. சரி, அந்த இடைவெளியை முதலில் தீர்த்துவிடலாம். 9 மணிக்குள் முதல் வண்டி 100 கி.மீ. போயிருக்கும். மீதி 240 கி.மீ. 9 மணியிலிருந்து இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன, இனி நேரம் பொது. ஒவ்வொரு மணி நேரத்திலும் 50 + 70 = 120 கி.மீ. குறைகிறது. 240-ஐ 120-ஆல் வகுத்தால் 2 மணி. சந்திப்பது காலை 11 மணிக்கு.

சரிபார்க்கலாம். முதல் வண்டி 4 மணி நேரத்தில் 200 கி.மீ., இரண்டாவது 2 மணி நேரத்தில் 140 கி.மீ. கூட்டினால் 340. பொருந்துகிறது.

தூரம் பொதுவாக இருந்தால்

தாமதமாகப் போனார், முன்னதாகப் போனார் என்று வரும் கணக்குகள் எல்லாம் இந்த வகைதான். இடம் ஒன்றே, போகும் வேகம் மட்டும் மாறுகிறது.

"மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 10 நிமிடம் தாமதம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் 5 நிமிடம் முன்னதாகச் சேரலாம். தூரம் எவ்வளவு?"

தூரத்தை த என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பயண நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் 10 + 5 = 15 நிமிடம், அதாவது 1/4 மணி. 10-லிருந்து 5-ஐக் கழிப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ஒன்று குறித்த நேரத்துக்குப் பின்னால், மற்றது முன்னால். ஆகவே கூட்ட வேண்டும்.

த/40 − த/50 = 1/4
த/200 = 1/4
த = 50 கி.மீ.

இதையே சமன்பாடு இல்லாமலும் போடலாம். தூரம் மாறாதபோது வேகமும் நேரமும் எதிர் விகிதத்தில் இருக்கும். வேகங்கள் 4:5 என்றால் நேரங்கள் 5:4. ஒரு பங்கு வித்தியாசம் 15 நிமிடம். எனவே மெதுவான பயணம் 5 பங்கு, அதாவது 75 நிமிடம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 75 நிமிடம் போனால் 50 கி.மீ. நேரம் குறைவாக உள்ள தேர்வுகளில் இந்த விகித வழி கைகொடுக்கும். ஆனாலும் முதலில் சமன்பாட்டு வழியில் நன்றாகப் பழகிவிட்டு இதற்கு வாருங்கள். ஏன் விகிதம் தலைகீழாகிறது என்பது புரியாமல் பயன்படுத்தினால், தூரம் பொதுவாக இல்லாத இடத்திலும் தலைகீழாக்கிவிடுவீர்கள்.

"வழக்கமான வேகத்தில் 3/4 பங்கு வேகத்தில் நடந்ததால் 20 நிமிடம் தாமதம். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும்?" வேகம் 3/4 ஆனால் நேரம் 4/3. கூடுதலான 1/3 பங்குதான் அந்த 20 நிமிடம். வழக்கமான நேரம் 60 நிமிடம். அதேபோல வேகம் 1/4 பங்கு கூடினால் நேரம் 1/5 பங்கு குறையும், 1/4 பங்கு குறையாது. சதவீதத்தில் கேட்டால் பலர் இங்கே வழுக்குவார்கள்: வேகம் 25 சதவீதம் கூடினால் நேரம் 20 சதவீதம் குறையும்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது நடுவழியில் பழுதாகும் வண்டிக் கணக்கு. பார்க்கப் பயமுறுத்தும், பிரித்துப் பார்த்தால் அழகானது.

"ஒரு ரயில் 1 மணி நேரம் ஓடிய பிறகு பழுதாகி, அதன் பின் 3/4 பங்கு வேகத்தில் ஓடி 40 நிமிடம் தாமதமாகச் சேர்கிறது. அதே பழுது இன்னும் 30 கி.மீ. தள்ளி ஏற்பட்டிருந்தால் 30 நிமிடம்தான் தாமதமாகியிருக்கும். மொத்த தூரம் எவ்வளவு?"

இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வேறுபாடு அந்த நடு 30 கி.மீட்டரில் மட்டும்தான். அதை முழு வேகத்தில் ஓடினால், குறைந்த வேகத்தில் ஓடுவதைவிட 10 நிமிடம் மிச்சம். 3/4 வேகத்தில் நேரம் 1/3 பங்கு கூடும். கூடியது 10 நிமிடம் என்றால் முழு வேகத்தில் அந்த 30 கி.மீட்டருக்கு 30 நிமிடம். ஆக வேகம் மணிக்கு 60 கி.மீ. அப்புறம் முதல் கதைக்குத் திரும்பினால், பழுதுக்குப் பிறகு கூடியது 40 நிமிடம், அதுவும் 1/3 பங்கு. எனவே மீதித் தூரத்துக்கு வழக்கமாக 120 நிமிடம், அதாவது 120 கி.மீ. முன்னால் ஓடிய 60 கி.மீட்டரைச் சேர்த்தால் 180 கி.மீ. ஒரு சமன்பாடுகூட எழுதவில்லை.

சராசரி வேகம்: கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள்

போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே வழியில் வரும்போது மணிக்கு 60 கி.மீ. சராசரி 50 என்று கை தானாக எழுதும். ஒரு வழி 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். போக 3 மணி, வர 2 மணி. மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம். சராசரி மணிக்கு 48 கி.மீ. மெதுவான வேகத்தில்தான் அதிக நேரம் கழிந்திருக்கிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. 3 மணி நேரம் 40-லும் 3 மணி நேரம் 60-லும் போயிருந்தால், அதாவது நேரம் பொதுவாக இருந்தால், 50 என்பது சரியாக இருந்திருக்கும்.

சராசரி வேகம் என்றால் மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது. சம தூரங்களுக்கு 2 × அ × ஆ ÷ (அ + ஆ) என்று ஒரு குறுக்குவழி உண்டு. நான் அதைவிட, வேகங்களின் மீச்சிறு பொது மடங்கைத் தூரமாக எடுத்துக்கொள்வதையே விரும்புகிறேன். மூன்று சமமான பகுதிகளை 20, 30, 60 கி.மீ. வேகங்களில் கடந்தால்? ஒவ்வொரு பகுதியும் 60 கி.மீ. என்று வையுங்கள். நேரம் 3 + 2 + 1 = 6 மணி, தூரம் 180 கி.மீ., சராசரி 30. பகுதிகள் எத்தனை வந்தாலும் இது வேலை செய்யும்.

இதில் யோசிக்க வைக்கும் ஒரு கேள்வி உண்டு. பாதித் தூரத்தை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடந்துவிட்டீர்கள். முழுப் பயணத்துக்கும் சராசரி 60 வர வேண்டுமானால் மீதிப் பாதியை எந்த வேகத்தில் போக வேண்டும்? 90 என்று தோன்றும். மொத்தம் 60 கி.மீ. என்று வைத்தால், சராசரி 60 வர முழுப் பயணமும் 1 மணி நேரத்தில் முடிய வேண்டும். முதல் 30 கி.மீட்டருக்கே அந்த 1 மணி நேரம் போய்விட்டது. எந்த வேகத்தில் போனாலும் இனி முடியாது.

நிறுத்தங்களோடு வரும் கணக்கு சுலபம். நிற்காமல் ஓடினால் மணிக்கு 60 கி.மீ., நின்று நின்று ஓடினால் 50 கி.மீ. என்றால் ஒரு மணி நேரத்தில் 10 கி.மீ. இழப்பு. 60 வேகத்தில் 10 கி.மீட்டருக்கு 10 நிமிடம். மணிக்கு 10 நிமிடம் நிற்கிறது.

நேரம் பொதுவாக இருந்தால்: சார்பு வேகம்

ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது நகரும் வேகம்தான் சார்பு வேகம். எதிரெதிரே வந்தால் வேகங்களைக் கூட்டு, ஒரே திசையில் போனால் கழி. இந்த விதி மிகப் பழையது. ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டில் இயற்றிய நூலின் கணிதப் பகுதியிலேயே இது இருக்கிறது: எதிர்த் திசையில் இயங்கும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை வேகங்களின் கூட்டலாலும், ஒரே திசையில் இயங்கினால் வேகங்களின் வித்தியாசத்தாலும் வகுத்தால், அவை சந்திக்கப் போகும் காலமோ சந்தித்து முடிந்த காலமோ கிடைக்கும். வானத்தில் கோள்கள் எப்போது சேரும் என்று கணிக்கத் தேவைப்பட்ட விதி அது. இன்று நம் தாளில் ரயிலாகவும் திருடனாகவும் வருகிறது.

துரத்தல் கணக்கு ஒன்று. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இங்கிலாந்து அறிஞர் அல்குயின் தொகுத்ததாகச் சொல்லப்படும் புதிர்களில் நாயும் முயலும் வரும். முயல் 150 அடி முன்னால் இருக்கிறது. நாய் ஒரு பாய்ச்சலுக்கு 9 அடி, முயல் 7 அடி. ஒவ்வொரு பாய்ச்சலிலும் இடைவெளி 2 அடி குறைகிறது. 150-ஐ 2-ஆல் வகுத்தால் 75 பாய்ச்சல். நாய் ஓடிய தூரம் 675 அடி, முயல் ஓடியது 525 அடி, வித்தியாசம் அதே 150. இங்கே நேரத்தை நொடியில் அளக்கவே இல்லை, பாய்ச்சல்தான் நேர அலகு. இரண்டுக்கும் பொதுவான எதையும் நேரமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

நேரம் பொது என்பதைப் பிடித்துக்கொண்டால் சில பெரிய கணக்குகள் ஒரே வரியில் முடியும். 120 கி.மீ. இடைவெளியில் இரண்டு ரயில்கள் தலா மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வருகின்றன. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு பறவை ஒரு ரயிலிலிருந்து மற்றதற்கும், அங்கிருந்து திரும்ப இதற்குமாக, ரயில்கள் சந்திக்கும் வரை பறந்துகொண்டே இருக்கிறது. பறந்த தூரம் எவ்வளவு? ஒவ்வொரு திருப்பத்தையும் கணக்கிடப் போனால் முடிவில்லாத தொடர் வரும். ரயில்கள் சந்திக்க 2 மணி நேரம் ஆகும். பறவையும் அதே 2 மணி நேரம்தான் பறந்தது. 100 கி.மீ.

அடுத்தது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. எதிரெதிர் முனைகளிலிருந்து இருவர் ஒரே சமயத்தில் கிளம்புகிறார்கள். சந்தித்த பிறகு முதலாமவர் தன் இலக்கை அடைய 4 மணி நேரமும், இரண்டாமவர் 9 மணி நேரமும் எடுத்துக்கொள்கிறார்கள். வேகங்களின் விகிதம் என்ன?

சந்திக்க ஆன நேரம் ந என்போம். அது இருவருக்கும் பொது. இப்போது தூரத்தைப் பாருங்கள்: முதலாமவர் சந்திப்புக்குப் பின் நடந்த பாதை, இரண்டாமவர் சந்திப்புக்கு முன் நடந்த அதே பாதை. வேகங்கள் அ, ஆ என்றால்:

4 × அ = ந × ஆ
9 × ஆ = ந × அ

இரண்டையும் பெருக்கினால் அ, ஆ இரண்டும் அடிபட்டு 36 = ந² என்று வரும். ந = 6 மணி. முதல் வரியில் போட்டால் அ : ஆ = 6 : 4 = 3 : 2. வர்க்கமூலச் சூத்திரமாக இதை மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. இந்த இரண்டு வரிகளை எழுதத் தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை, எந்தப் பக்கம் தலைகீழாகும் என்ற சந்தேகமும் வராது.

ஓட்டப்பந்தயக் கணக்குகளும் நேரம் பொதுவான வகைதான். 100 மீட்டரில் முதல்வர் இரண்டாமவரை 20 மீட்டரில் வெல்கிறார், இரண்டாமவர் மூன்றாமவரை 10 மீட்டரில் வெல்கிறார். முதல்வர் மூன்றாமவரை எத்தனை மீட்டரில் வெல்வார்? 30 என்று கூட்டாதீர்கள். முதல்வர் 100 ஓடும்போது இரண்டாமவர் 80. இரண்டாமவர் 100 ஓடும்போது மூன்றாமவர் 90, ஆகவே 80 ஓடும்போது 72. வித்தியாசம் 28 மீட்டர்.

ரயில்: எந்த நீளத்தைக் கடக்கிறது?

ரயிலுக்கு நீளம் உண்டு, அதனால்தான் இதற்குத் தனிப் பகுதி. முன்முனை ஒரு பொருளைத் தொடும் நொடியிலிருந்து பின்முனை அதை விட்டு நீங்கும் நொடி வரை "கடப்பது". கம்பத்தையோ நிற்கும் ஆளையோ கடந்தால் ரயிலின் நீளம் மட்டும். நடைமேடையையோ பாலத்தையோ கடந்தால் இரண்டு நீளங்களின் கூட்டல். இன்னொரு ரயிலைக் கடந்தாலும் இரண்டு நீளங்களின் கூட்டல், ஆனால் வேகம் சார்பு வேகம்.

"ஒரு ரயில் கம்பத்தை 8 நொடியிலும் 180 மீட்டர் நடைமேடையை 20 நொடியிலும் கடக்கிறது." வேகம் பொது. கூடுதலாக ஆன 12 நொடி, கூடுதலாக ஓடிய 180 மீட்டருக்கானது. நொடிக்கு 15 மீட்டர், மணிக்கு 54 கி.மீ. நீளம் 15 × 8 = 120 மீட்டர்.

140 மீட்டர், 160 மீட்டர் நீளமுள்ள இரண்டு ரயில்கள் மணிக்கு 54, 36 கி.மீ. வேகங்களில் ஓடுகின்றன. எதிரெதிரே என்றால் சார்பு வேகம் 90 கி.மீ., நொடிக்கு 25 மீட்டர். 300 மீட்டரைக் கடக்க 12 நொடி. ஒரே திசை என்றால் 18 கி.மீ., நொடிக்கு 5 மீட்டர், 60 நொடி. இதே கேள்வியில் "முதல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரை எதிரே வரும் இரண்டாவது ரயில் எவ்வளவு நேரத்தில் கடக்கும்?" என்று கேட்டால் கவனம் தேவை. அந்த ஆளுக்கு நீளம் இல்லை. 160 மீட்டர் மட்டும்தான், 160 ÷ 25 = 6.4 நொடி.

படகு: தண்ணீரோடு சேர்ந்து யோசியுங்கள்

நீரோட்டத்தோடு போனால் படகின் வேகமும் நீரின் வேகமும் கூடும், எதிர்த்துப் போனால் கழியும். நீரோட்டத்தோடு 36 கி.மீட்டரை 3 மணியிலும், எதிர்த்து 24 கி.மீட்டரை 3 மணியிலும் கடந்தால், வேகங்கள் 12, 8. கூட்டிப் பாதியாக்கினால் படகு 10, கழித்துப் பாதியாக்கினால் நீரோட்டம் 2. பெரும்பாலான கேள்விகள் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

அடங்காத ஒன்று இது. நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடும்போது தொப்பி தண்ணீரில் விழுந்துவிடுகிறது. 15 நிமிடம் கழித்துத்தான் கவனிக்கிறார். உடனே திரும்பி அதே பலத்தோடு துடுப்புப் போட்டுத் தொப்பியைப் பிடிக்கிறார். தொப்பி கிடைத்த இடம் விழுந்த இடத்திலிருந்து 1 கி.மீ. கீழே. நீரோட்டத்தின் வேகம் என்ன? படகின் வேகமே கொடுக்கவில்லையே என்று தோன்றும். தண்ணீரின் மேல் உட்கார்ந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொப்பி அசையாமல் கிடக்கிறது, படகு 15 நிமிடம் விலகிப் போய்த் திரும்புகிறது. தண்ணீரைப் பொறுத்துப் படகின் வேகம் மாறவில்லை, தூரமும் அதே. ஆகவே திரும்பி வரவும் 15 நிமிடம்தான். மொத்தம் 30 நிமிடத்தில் தொப்பி 1 கி.மீ. மிதந்திருக்கிறது. நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ. கரையிலிருந்து பார்த்து சமன்பாடு எழுதினாலும் இதே விடை வரும். ஒருமுறை இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள், சார்பு வேகம் என்றால் என்ன என்பது அப்போது உள்ளே இறங்கும்.

வட்டப் பாதையும் கடிகாரமும்

600 மீட்டர் வட்டப் பாதையில் இருவர் ஒரே இடத்திலிருந்து ஒரே திசையில் நொடிக்கு 5, 3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார்கள். வேகமானவர் மற்றவரை மீண்டும் எட்ட ஒரு முழுச் சுற்று அதிகம் ஓட வேண்டும்: 600 ÷ 2 = 300 நொடி. எதிர்த் திசையில் ஓடினால் 600 ÷ 8 = 75 நொடி.

"கிளம்பிய இடத்திலேயே எப்போது சந்திப்பார்கள்?" என்பது வேறு கேள்வி. ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு 120 நொடி, மற்றவருக்கு 200 நொடி. மீச்சிறு பொது மடங்கு 600 நொடி. ஒரே திசையில் 300-ஆவது நொடியில் சந்தித்தார்களே, அப்போது எங்கே இருந்தார்கள்? ஒருவர் இரண்டரைச் சுற்று, மற்றவர் ஒன்றரைச் சுற்று. நேர் எதிர்ப் பக்கத்தில். கேள்வியில் "முதல் முறையாக" என்று இருக்கிறதா, "தொடங்கிய இடத்தில்" என்று இருக்கிறதா என்று பார்த்து அடிக்கோடு போடுங்கள்.

கடிகார முள்களும் ஒரே வட்டத்தில் ஒரே திசையில் ஓடுபவைதான். நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை, மணி முள் அரைப் பாகை, சார்பு வேகம் 5.5 பாகை. 3 மணிக்கு இடைவெளி 90 பாகை. 90 ÷ 5.5 = 180/11, அதாவது 3 மணி 16 4/11 நிமிடத்தில் ஒன்றின் மேல் ஒன்று வரும்.

விடை வந்த பிறகு

விடையை மீண்டும் கேள்விக்குள் போட்டுப் பாருங்கள், சமன்பாட்டுக்குள் போடுவதால் பயனில்லை. சமன்பாடே தவறாக இருந்தால் அதுவும் பொருந்தத்தான் செய்யும். சராசரி வேகம் மிகக் குறைந்த வேகத்துக்கும் மிக அதிக வேகத்துக்கும் இடையில் இருக்கிறதா? நடப்பவரின் வேகம் மணிக்கு 40 கி.மீ. என்று வந்திருக்கிறதா? துரத்துபவர் துரத்தப்படுபவரைவிட அதிகத் தூரம் ஓடியிருக்கிறாரா? இந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சில நொடிகள்தான் ஆகும்.

இனி நீங்களே போட்டுப் பார்க்க நான்கு. ஒவ்வொன்றிலும் மாறாதது எது என்பதை முதல் வரியாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

1. வழக்கமான வேகத்தில் 5/6 பங்கு வேகத்தில் போனதால் 12 நிமிடம் தாமதம். வழக்கமான நேரம் என்ன?

2. 150 மீட்டர் நீள ரயில், அதே திசையில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவரை 10 நொடியில் கடக்கிறது. ரயிலின் வேகம் என்ன?

3. ஒரே தூரத்தைக் கடக்க, நீரோட்டத்தோடு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் எதிர்த்துப் போக ஆகிறது. படகு, நீரோட்டம் இவற்றின் வேக விகிதம் என்ன?

4. எதிரெதிரே ஒரே சமயத்தில் கிளம்பிய இருவர், சந்தித்த பிறகு 16 மணி, 25 மணி நேரத்தில் தத்தம் இலக்கை அடைகிறார்கள். கிளம்பி எத்தனை மணி நேரத்தில் சந்தித்தார்கள், வேக விகிதம் என்ன?

விடைகள்: முதலாவதில் தூரம் பொது, நேரம் 6/5 ஆகிறது, கூடிய 1/5 பங்கு 12 நிமிடம், ஆகவே 60 நிமிடம். இரண்டாவதில் கடப்பது ரயிலின் நீளம் மட்டும், சார்பு வேகம் நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ., ஒரே திசை என்பதால் ரயிலின் வேகம் 60 கி.மீ. மூன்றாவதில் தூரம் பொது, வேகங்கள் 2:1, கூட்டியும் கழித்தும் பாதியாக்கினால் படகு 1.5, நீரோட்டம் 0.5, விகிதம் 3:1. நான்காவதில் 16 × 25 = 400, அதன் வர்க்கமூலம் 20 மணி நேரம், வேக விகிதம் 20:16, அதாவது 5:4.